ஸ்கூல் கேன்டீனையும் பிடி பீரியடையும் மாத்த வைக்கறது எப்படி? பெற்றோருக்கு ஒரு ஸ்டெப் பை ஸ்டெப் வழிகாட்டி

பிள்ளைக்கு வெயிட் ஏறுதுன்னு டாக்டர் சொன்னதும் நாம உடனே வீட்டு சாப்பாட்டைத்தான் மாத்துவோம். எண்ணெயைக் குறைப்போம், பிஸ்கட் வாங்கறதை நிறுத்துவோம், சாயங்காலம் விளையாட அனுப்புவோம். ஆனா காலைல எட்டரைல இருந்து நாலு மணி வரைக்கும் பிள்ளை இருக்கறது ஸ்கூல்ல, அங்க இன்டர்வெல்ல பப்ஸும் கலர் ஜூஸும்தான் கிடைக்குது, வாரத்துக்கு ரெண்டு பிடி பீரியட்ல ஒண்ணை மேத்ஸ் சார் எடுத்துக்கறார்னா நம்ம வீட்டு முயற்சி பாதியில நின்னுடும். எங்க பசங்க படிக்கற சிபிஎஸ்இ ஸ்கூல்ல இதை மாத்தறதுக்கு நாங்க சில பெற்றோர் சேர்ந்து ஒரு வருஷத்துக்கு மேல அலைஞ்சோம். எந்த பேப்பர் வேணும், யார்கிட்ட போகணும், எந்த மாசத்துல கேக்கணும்னு சொல்ல ஆள் இல்லாததாலதான் இவ்வளவு நாள் ஆச்சு. நீங்க அவ்வளவு அலைய வேண்டாம்னுதான் இதை எழுதறேன்.

1. முதல்ல பிள்ளையோட பிஎம்ஐயை சரியான சார்ட்ல பாருங்க

கிலோவுல இருக்கற வெயிட்டை, மீட்டர்ல இருக்கற உயரத்தால ரெண்டு தடவை வகுத்தா பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எப்படின்னு காட்டற நம்பர், வந்துடும். இது வரைக்கும் எல்லாரும் சரியாத்தான் பண்றாங்க, அதுக்கப்புறம் பெரியவங்களுக்கான சார்ட்ல போய்ப் பாக்கறதுலதான் தப்பு நடக்குது. 10 வயசுப் பையன், உயரம் 140 சென்டிமீட்டர், வெயிட் 42 கிலோன்னு வெச்சுக்கோங்க, பிஎம்ஐ 21.4 வரும். பெரியவங்க சார்ட்ல இது நார்மல். வயசுக்கேத்த சார்ட்ல அதே நம்பர் அதிக எடைக் கோட்டை நல்லாவே தாண்டி நிக்கும். இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர் சங்கம் 2015ல வெளியிட்ட 5 வயசுல இருந்து 18 வயசு வரைக்குமான வளர்ச்சி சார்ட் இருக்கு, ஆணுக்குத் தனி, பொண்ணுக்குத் தனி. குழந்தை டாக்டர்கிட்ட அதுல புள்ளி வெச்சுத் தரச் சொல்லுங்க, அதை போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

இந்தக் காகிதம் உங்களுக்கு மட்டும்தான். ஸ்கூலுக்குக் குடுக்கற எந்த லெட்டர்லயும் உங்க பிள்ளை பேரோ வெயிட்டோ வரவே கூடாது. நீங்க கேக்கறது எல்லாப் பிள்ளைக்கும் ஆன விஷயம். அதே கிளாஸ்ல எலும்பும் தோலுமா இருக்கற பிள்ளையும் இருக்கும், அதுக்கும் நல்ல சாப்பாடுதான் வேணும்.

2. ரூல்ல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க

நிறைய பேருக்கு இதுக்கு சட்டம் இருக்கறதே தெரியல. மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2020ல பள்ளிக் குழந்தைகளோட உணவுக்குன்னே தனியா ஒரு ஒழுங்குமுறை போட்டு, அது 2021 ஜூலை 1ல இருந்து நடைமுறையில இருக்கு. நமக்கு வேண்டியது இவ்வளவுதான்:

- கொழுப்பு, சர்க்கரை, உப்பு அதிகமா இருக்கற உணவை ஸ்கூல் கேன்டீன், மெஸ், ஹாஸ்டல் கிச்சன்ல விக்கக் கூடாது. கேட்ல இருந்து எந்தப் பக்கமும் 50 மீட்டருக்குள்ள விக்கறது, இலவசமா குடுக்கறது, விளம்பரம் பண்றது எதுவும் கூடாது.
- அதைச் சொல்ற எச்சரிக்கை போர்டு ஸ்கூல் கேட்ல இருக்கணும்.
- கேன்டீனை ஸ்கூலே நடத்தினாலும் கான்ட்ராக்ட் விட்டாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவோ லைசென்ஸோ கட்டாயம்.

சிபிஎஸ்இ ஸ்கூல்னா கூடுதலா ரெண்டு இருக்கு. 2025 மே மாசம் எல்லா ஸ்கூல்லயும் சர்க்கரை போர்டு வைக்கச் சொல்லி சர்க்குலர் வந்துச்சு, எந்த பானத்துல எவ்வளவு சர்க்கரைன்னு பசங்க பாக்கற மாதிரி. அடுத்து, 9ல இருந்து 12 வரைக்கும் தினமும் ஒரு பீரியட் உடல்நலம், உடற்கல்விக்குன்னு 2018லயே சொல்லிட்டாங்க. பத்தாவது, பன்னண்டாவதுக்கு பிடி பீரியடே இல்லைன்னு சொல்ற ஸ்கூல்கிட்ட இதைத்தான் காட்டணும்.

இங்க ரெண்டு இடத்துல கவனமா இருங்க. பள்ளியில இருந்து 100 கெஜம்ங்கறது சிகரெட், புகையிலைக்கான சட்டம், உணவுக்கு 50 மீட்டர்தான். ரெண்டையும் குழப்பி எழுதினா முதல் பாராவுலயே உங்க லெட்டரை ஒதுக்கி வெச்சுடுவாங்க. இன்னொண்ணு, இத்தனை கிராமுக்கு மேல போனா தடைன்னு அந்த ஒழுங்குமுறையில நம்பர் போடல. அதனால கேன்டீன்காரர் "பப்ஸ்னு ரூல்ல எங்க சார் இருக்கு"ன்னு கேப்பார். அப்போ வாக்குவாதம் வேண்டாம். சிப்ஸ், பொரிச்ச அயிட்டம், கோலா, சர்க்கரை போட்ட ஜூஸ், இன்ஸ்டன்ட் நூடுல்ஸ், பீட்சா, பர்கர், சாக்லேட் மிட்டாய் வகை, இதெல்லாம் எஃப்எஸ்எஸ்ஏஐ பள்ளிகளுக்காக முன்னாடி தயாரிச்ச வழிகாட்டுதல்லயே உதாரணமா இருக்குன்னு சொல்லிட்டு நேரா உங்க லிஸ்டுக்குப் போயிடுங்க.

3. ஒரு மாசம் பாத்து எழுதுங்க

கேன்டீன்ல என்னென்ன விக்குது, என்ன விலை, இன்டர்வெல்ல எது முதல்ல தீருதுன்னு பிள்ளைகிட்ட கேட்டே எழுதிடலாம். பாக்கெட் அயிட்டம்னா லேபிளைப் பாருங்க. 100 மில்லிக்கு 10.6 கிராம் சர்க்கரைன்னு போட்டிருந்தா 250 மில்லி பாட்டில்ல 26 கிராமுக்கு மேல, அதாவது ஆறு ஸ்பூனுக்கு மேல. மொத்த சக்தியில 5 சதவீதத்துக்குள்ள சர்க்கரை இருந்தா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்றது, நாளுக்கு 2000 கலோரி சாப்பிடற பெரியவங்களுக்கே சுமார் 25 கிராம்தான் வரும். ஒரு பாட்டில்லயே அது முடிஞ்சு போகுது. லெட்டர்ல வேற எதை எழுதலைன்னாலும் இந்தக் கணக்கை எழுதுங்க, பிரின்சிபல் மேடம் நிமிர்ந்து பாத்தது இந்த வரியிலதான்.

பிடிக்கு டைம்டேபிள் காப்பி எடுத்துக்கோங்க, பிள்ளையோட டைரியில பிடி பீரியட் நடந்த அன்னிக்கு ஒரு டிக், நடக்கலைன்னா யார் எடுத்தாங்கன்னு ஒரு வார்த்தை. வேற வேற கிளாஸ்ல நாலஞ்சு பிள்ளைங்க ஒரு மாசம் இப்படி எழுதினா போதும், பேப்பர்ல இருக்கறதுக்கும் கிரவுண்ட்ல நடக்கறதுக்கும் உள்ள வித்தியாசம் அப்படியே தெரிஞ்சுடும்.

கேட்டுக்கு வெளில இருக்கற கடையோட தூரத்தை மொபைல் மேப்ல அளந்துக்கோங்க. கடைக்காரரை போட்டோ எடுத்து குரூப்ல போடாதீங்க, அவர் பிழைப்பு அது.

4. ஆள் சேருங்க, வாட்ஸ்அப் குரூப்ல விவாதம் வேண்டாம்

தனியா ஒருத்தர் போய்க் கேட்டா "அந்தப் பையனோட அம்மாவா"ன்னு பிள்ளை மேல பேர் விழும். எட்டுப் பத்து பேராவது சேருங்க, வேற வேற கிளாஸ்ல இருந்து. கிளாஸ் குரூப்ல இதைப் பத்திப் போட்டா "எங்க காலத்துல நாங்க சாப்பிடலையா"ன்னு ஒருத்தர் ஆரம்பிப்பார், நூறு மெசேஜ் ஓடும், ஒரு கையெழுத்து கூட வராது. ஃபோன் பண்ணிப் பேசுங்க, நேர்ல பாத்து கையெழுத்து வாங்குங்க. பெற்றோர்ல ஒரு டாக்டரோ டயட்டீஷியனோ இருந்தா முதல் கையெழுத்து அவங்களோடதா இருக்கட்டும். அரசு, உதவி பெறும் பள்ளின்னா பள்ளி மேலாண்மைக் குழு இருக்கு, அதுல பெற்றோர்தான் பெரும்பான்மை, கூட்டத்துல தீர்மானமாவே எழுத வைக்கலாம். தனியார் பள்ளின்னா பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியா போங்க.

5. லெட்டர் எழுதுங்க, எந்த மாசம்னு பாத்து குடுங்க

பேரன்ட்ஸ் மீட்டிங்ல வாயால சொன்னது எதுவும் நிக்காது. "பாக்கறோம் மேடம்"னு சிரிச்சுட்டு அனுப்பிடுவாங்க. எழுத்துல குடுத்து, ஆபீஸ் சீலோட காப்பி வாங்கினாத்தான் விஷயம் நகரும். லெட்டர் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். எங்க லெட்டரோட நடுப்பகுதி கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்துச்சு, வேணும்னா எடுத்துக்கோங்க:

"உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு பள்ளி உணவு ஒழுங்குமுறையின்படி நமது பள்ளி உணவகத்தில் விற்கப்படும் பொருட்களை மறுபரிசீலனை செய்யக் கோருகிறோம். தற்போது விற்கப்படுபவை பட்டியல் 1இலும், அவற்றுக்கு மாற்றாக நாங்கள் பரிந்துரைப்பவை விலையுடன் பட்டியல் 2இலும் உள்ளன. உடற்கல்விப் பாடவேளைகளைப் பிற பாடங்களுக்குப் பயன்படுத்துவதைத் தவிர்க்கவும் கேட்டுக்கொள்கிறோம். இது குறித்து நேரில் பேச 20 நிமிடம் ஒதுக்கித் தர வேண்டுகிறோம்."

இதுல புகார்ங்கற வார்த்தையே இல்லை பாருங்க. முதல் லெட்டர்லயே "நடவடிக்கை எடுப்போம்"னு எழுதினா ஸ்கூல் வக்கீலைப் பாக்கப் போயிடும், நம்மளோட பேச மாட்டாங்க.

இப்போ மாசம். பெரும்பாலான ஸ்கூல்ல கேன்டீன் கான்ட்ராக்ட் கல்வியாண்டு கணக்குலதான் ஓடுது, புதுப்பிக்கறது ஏப்ரல், மே. டைம்டேபிள் போடறதும் மே மாசம். அதனால லெட்டர் குடுக்க நல்ல நேரம் ஜனவரி கடைசி, பிப்ரவரி முதல் வாரம். ஜூன்ல போய்க் கேட்டா கான்ட்ராக்ட் கையெழுத்தாயிடுச்சு அடுத்த வருஷம் பாக்கலாம்னு சொல்வாங்க. செப்டம்பர், டிசம்பர் பரீட்சை நேரத்துல பிடி பீரியட் பத்தி வாயே திறக்காதீங்க. நேரா பாக்க நேரம் குடுக்கலைன்னா லெட்டரை ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி ரசீதை வெச்சுக்கோங்க.

6. கேன்டீன்காரர்கிட்ட நீங்களே மாற்று லிஸ்ட் குடுங்க

இதுதான் எல்லாரும் தாண்டிப் போற ஸ்டெப், இதுலதான் காரியமே இருக்கு. கேன்டீன் எடுத்தவர் ஸ்கூலுக்கு மாச வாடகை கட்டறார். பேக்கரில இருந்து வர்ற பப்ஸுக்கு அடுப்பு வேண்டாம், ஆள் வேண்டாம், மிச்சமானா திருப்பிக் குடுத்துடலாம், சிப்ஸ் பாக்கெட் கெட்டே போகாது. அவர்கிட்ட போய் சுண்டல் போடுங்கண்ணேன்னா, பத்தரை மணி இன்டர்வெல்ல விக்காத சுண்டல் வெயில்ல மத்தியானத்துக்குள்ள ஊசிப் போகும், நஷ்டம் அவருக்கு. இதை யோசிச்சு லிஸ்ட் போடணும்.

எங்களுக்கு நின்னது இது: வாழைப்பழம், வேகவெச்ச வேர்க்கடலை, அவிச்ச முட்டை, ரெண்டா வெட்டின கொய்யா, சின்ன கப்ல சுண்டல் காலை இன்டர்வெலுக்கு மட்டும் அளவா, மோர், வெயில் காலத்துல தர்பூசணி. இட்லியை நாலா வெட்டி பொடி போட்டுக் குடுத்தது சின்னப் பசங்ககிட்ட நல்லா போச்சு. நிக்காதது ராகி லட்டும் சிறுதானிய குக்கீயும். விலையும் ஜாஸ்தி, வெல்லமும் நெய்யும் போட்டா அதுவும் இனிப்புதான். சிறுதானியம்னு பேர் இருந்தா போதும்னு நினைக்காதீங்க.

விலை ரொம்ப முக்கியம். பசங்க கையில இருக்கறது பத்து ரூபா, இருபது ரூபா. பப்ஸ் இருபதுன்னா மாற்று பதினஞ்சைத் தாண்டக் கூடாது. முதல் மாசம் விக்காம மிச்சமாகறதுக்கு ஈடா வாடகையில கொஞ்சம் குறைச்சுக்கோங்கன்னு நாங்க நிர்வாகத்துகிட்ட கேட்டோம், ஒத்துக்கிட்டாங்க. கேன்டீன் அண்ணன் அதுக்கப்புறம்தான் நம்ம பக்கம் வந்தார்.

ஒரே நாள்ல எல்லாத்தையும் எடுத்தா பெரிய பசங்க கேட்டுக்கு வெளில போயிடுவாங்க. முதல்ல பானங்கள், அடுத்த மாசம் பாக்கெட் சிப்ஸ், அதுக்கப்புறம் பொரிச்சது. சின்ன விஷயம் மாதிரி தெரியற இன்னொண்ணு பிறந்தநாள் சாக்லேட். ஒரு கிளாஸ்ல முப்பத்தஞ்சு நாப்பது பிள்ளைங்கன்னா கிட்டத்தட்ட வாராவாரம் ஒரு பிறந்தநாள், சில நாள் ஒரு பிள்ளைக்கு ரெண்டு சாக்லேட். எங்க ஸ்கூல்ல அதுக்கு பதிலா கிளாஸ் லைப்ரரிக்கு ஒரு புக்குன்னு மாத்தினாங்க, முதல் பக்கத்துல பிள்ளையோட பேர் எழுதி வைப்பாங்க. பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

கேன்டீன் பதிவு இல்லாம ஓடுதுன்னா மிரட்டாம உதவி பண்ணுங்க. சின்ன கடை அளவுக்கான எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவுக்கு வருஷக் கட்டணம் 100 ரூபாய்தான், எஃப்எஸ்எஸ்ஏஐயோட ஃபாஸ்காஸ் போர்ட்டல்ல ஆன்லைன்லயே போடலாம். போட்டோ, அடையாள அட்டை, இடத்துக்கான சான்று இருந்தா ஆச்சு. புரோக்கர் ஆயிரக்கணக்குல கேப்பார், குடுக்க வேண்டாம். ஏற்கெனவே நம்பர் மாட்டியிருந்தா 14 இலக்கம் இருக்கான்னு எண்ணிப் பாத்து, அதே போர்ட்டல்ல போட்டு இன்னும் செல்லுதான்னு பாருங்க.

7. பிடி பீரியட்: எண்ணிக்கையை விட்டுட்டு ஓடற நிமிஷத்தைக் கேளுங்க

5ல இருந்து 17 வயசு வரைக்கும் பிள்ளைங்க ஒரு நாளைக்கு சராசரியா 60 நிமிஷமாவது மூச்சு வாங்கற மாதிரி அசையணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 40 நிமிஷ பிடி பீரியட்ல லைன்ல நின்னு கீழ இறங்கி, அட்டெண்டன்ஸ் எடுத்து, பந்து வாங்கி, திரும்ப மேல ஏறினா கையில மிஞ்சறது இருபது நிமிஷம். அதுலயும் ஒரே ஃபுட்பாலுக்கு நாப்பது பேர் நின்னா பாதிப் பேர் ஓரமா உக்காந்துதான் இருப்பாங்க, எடை அதிகமா இருக்கற பிள்ளைதான் முதல்ல உக்காரும். அதனால கேக்க வேண்டியது இது:

முதல்ல, பிடி பீரியடை எந்தப் பாடத்துக்கும் எடுக்கக் கூடாதுன்னு எழுத்துல சர்க்குலர். வீட்டுப்பாடம் எழுதலைன்னு தண்டனையா பிடிக்கு அனுப்பாம உக்கார வைக்கறதும் அதுல சேரணும். அப்புறம் ரெண்டு பீரியடை சேர்த்துப் போடறது, எண்பது நிமிஷமா இருந்தா நல்லா வியர்க்க விளையாடலாம். மார்ச், ஏப்ரல்ல வெயில் தாங்காது, அந்த மாசங்கள்ல பிடியை முதல் ரெண்டு பீரியடுக்கோ கடைசிக்கோ நகர்த்தச் சொல்லுங்க, இல்லைன்னா வெயிலைக் காட்டியே நிறுத்திடுவாங்க. கிரவுண்ட் சின்னதுன்னா ஸ்கிப்பிங் கயிறு, வளையம், பாண்டி கட்டம் வரைய ஒரு டப்பா பெயின்ட், சில ஆயிரத்துல முடிஞ்சுடும், பெற்றோரே போட்டுக்கலாம். அரசுப் பள்ளின்னா சமக்ர சிக்ஷாங்கற பள்ளிக் கல்வித் திட்டத்துல வருஷா வருஷம் விளையாட்டு மானியம் இருக்கு: தொடக்கப் பள்ளிக்கு 5,000, நடுநிலைக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைக்கு 25,000 ரூபாய் வரைக்கும். மேலாண்மைக் குழுக் கூட்டத்துல இதோட கணக்கைக் கேளுங்க.

பொண்ணுங்களைப் பத்தித் தனியா கேட்டே ஆகணும். ஏழாவது எட்டாவதுக்கு மேல பிடி பீரியட்ல பாதிப் பொண்ணுங்க மரத்தடியில உக்காந்திருப்பாங்க. சுடிதார் துப்பட்டாவோட ஓட முடியாது. பிடி இருக்கற நாள் முழுக்க டிராக் பேன்ட்டும் டிஷர்ட்டும் போட அனுமதி, பொண்ணுங்களுக்குன்னு கிரவுண்ட்ல ஒரு பகுதி, முடிஞ்சா ஒரு பிடி மிஸ். இந்த மூணுல டிரஸ் ஒண்ணு மாறினதுமே விளையாட வர்ற பொண்ணுங்க எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியற அளவு கூடிச்சு, செலவு ஒரு பைசா இல்லை.

8. ஸ்கூல் அசையலைன்னா

ஒரு மாசம் பாத்துட்டு நினைவூட்டல் லெட்டர். அதுக்கும் பதில் இல்லைன்னா உணவு விஷயத்துக்கு உங்க மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையோட நியமன அலுவலருக்கு மனு. பிடிக்கு, மெட்ரிக் பள்ளின்னா தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலர், சிபிஎஸ்இன்னா சென்னை மண்டல அலுவலகம். முதலமைச்சர் உதவி மையம் 1100லயும் பதிவு பண்ணலாம்.

ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு, கடைசியா. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி நியமன அலுவலர் ஆபீஸ் பொதுத் தகவல் அலுவலருக்குப் போடுங்க, 30 நாள்ல பதில் வரணும். காப்பி பக்கத்துக்கு 2 ரூபாய். "ஏன் நடவடிக்கை எடுக்கல"ன்னு கேட்டா தகவல் இல்லைன்னு திருப்பிடுவாங்க. "இந்தப் பள்ளி உணவகத்தில் கடந்த இரண்டு ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளின் தேதி, ஆய்வு அறிக்கை நகல்"னு ஆவணமா கேளுங்க. தனியார் பள்ளிக்கு நேரா ஆர்டிஐ போட்டு நாளை வீணாக்காதீங்க, அவங்களைக் கண்காணிக்கற ஆபீஸுக்குத்தான் போடணும்.

9. ரிசல்ட்டை எப்படிப் பாக்கறது

மூணு மாசத்துல வெயிட் இறங்கும்னு யாருக்கும் வாக்கு குடுக்காதீங்க. இங்கிலாந்துல வெஸ்ட் மிட்லாண்ட்ஸ் பகுதியில 54 பள்ளிகள்ல ஆறு, ஏழு வயசுப் பிள்ளைகளுக்கு தினம் 30 நிமிஷம் கூடுதல் விளையாட்டு, சமையல் வகுப்புன்னு ஒரு வருஷம் பண்ணிப் பாத்தாங்க, 2018ல வந்த முடிவுல எடையில சொல்லும்படியா வித்தியாசம் இல்லை. உணவும் விளையாட்டும் சேர்ந்து பண்ணின ஆய்வுகளை மொத்தமா பாத்தாலும் பிஎம்ஐ மாற்றம் சராசரியில சின்னதுதான். ஸ்கூல் மாறினா மட்டும் போதாது, ராத்திரி சாப்பாடும் ஸ்க்ரீன் நேரமும் தூக்கமும் வீட்லதான் இருக்கு. அதே நேரம் ஸ்கூல்ல தினமும் கோலா வித்துக்கிட்டு இருந்தா வீட்ல எவ்வளவு பண்ணினாலும் நிக்காது, அதனாலதான் ரெண்டு பக்கமும் பிடிக்கச் சொல்றேன்.

ஸ்கூல் ஒருவேளை "எல்லாப் பிள்ளைகளையும் எடை பாத்து ரிப்போர்ட் அனுப்பறோம்"னு உற்சாகமா சொன்னா தயவுசெஞ்சு வேண்டாம்னு சொல்லுங்க. கலிஃபோர்னியாவுல 79 பள்ளிகள்ல பிஎம்ஐ ரிப்போர்ட்டை வீட்டுக்கு அனுப்பிப் பாத்தாங்க, எடை குறையல, பிள்ளைகளுக்குத் தன் உடம்பைப் பத்தின மனக்குறைதான் கூடிச்சு. லைன்ல நிக்க வெச்சு எடை சொல்றது ஒரு பதிமூணு வயசுப் பொண்ணை என்ன பண்ணும்னு நமக்கே தெரியும்.

ஸ்கூல் அளவுல எண்ண வேண்டியது வேற. ஜூன்ல திறந்ததும் முதல் வாரம் கேன்டீன் லிஸ்ட் ஒத்துக்கிட்டபடி இருக்கா, கேட்ல போர்டு இருக்கா, புது டைம்டேபிள்ல பிடி எத்தனைன்னு பாருங்க. ஆகஸ்ட்ல திரும்ப ஒரு மாசம் டைரியில டிக் போடச் சொல்லுங்க, ஏன்னா ஜூன்ல ஒழுங்கா நடக்கறது முதல் பரீட்சை வந்ததும் நழுவும். உங்க பிள்ளைக்கு மட்டும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அதே டாக்டர்கிட்ட அதே சார்ட்ல புள்ளி வெக்கச் சொல்லுங்க. வளர்ற பிள்ளை, கிலோ குறையணும்னு இல்லை. உயரம் ஏறி எடை அப்படியே நின்னாலே புள்ளி அதிக எடைக் கோட்டை நோக்கிக் கீழ வரும். கான்ட்ராக்ட் அடுத்த ஏப்ரல்ல திரும்ப வரும், இந்த வருஷத்து லிஸ்ட்டையும் சீல் வெச்ச காப்பியையும் அடுத்த வருஷக் கழகத்துல வர்ற பெற்றோர்கிட்ட குடுத்துட்டுப் போங்க.